இட்டு நிரப்புதல்

1

புறநானூற்றில் 266ஆம் பாட்டுக்கு அடுத்தபடியாக நாம் படிக்கக் கிடைப்பது 269ஆம் பாட்டு. நடுவில் இரண்டு எண்கள் வெறுமையாக நிற்கின்றன. 1894இல் உ.வே. சாமிநாதையர் இந்நூலை முதன்முதலாக அச்சேற்றியபோது அவர் கைக்கு வந்த ஏடுகளில் அவை இல்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை. வரிசையை நெருக்கி, 269ஐ 267 ஆக்கி, மொத்தம் 398 என்று கணக்கைச் சரிசெய்துவிட யாரும் முனையவில்லை. வேறு பல பாட்டுகளில் ஏடு ஒடிந்தும் செல்லரித்தும் போன இடங்களில் சொற்களுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் கழித்துப் பதிற்றுப்பத்து வெளிவந்தபோதும் இதே கதைதான். முதற்பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. எட்டுப் பத்துகளோடு அந்த நூல் 'பதிற்றுப்பத்து' என்ற பெயரையே இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி நாம் அதிகம் யோசித்ததில்லை. ஐயர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். செய்யுள் இயற்றுவது அந்தக் கல்வியின் அன்றாடப் பயிற்சி. சங்க நூல்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அவற்றின் சொல்லும் துறையும் உவமையின் போக்கும் கைவந்தவை. இரண்டு ஆசிரியப்பாக்களை இயற்றி அந்த இடத்தில் செருகியிருந்தால் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் செய்யவில்லை. செய்யத் தெரிந்தவர் செய்யாமல் இருந்தார் என்பதால்தான் அது ஒரு தார்மீகச் செயலாகிறது. தெரியாதவனின் அடக்கத்துக்கு அப்படி ஒரு மதிப்பும் கிடையாது.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் வந்திருக்கும் யந்திரங்கள் இந்தத் தெரிதலை இப்போது எல்லோருக்கும் மலிவாக வழங்கிவிட்டன. தொலைந்துபோன பழைய தொலைக்காட்சித் தொடர்களின் பகுதிகளை, அவற்றை நேசித்த ரசிகர்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே திரும்ப உண்டாக்கிக்கொள்கிறார்கள். யந்திரம் இதைச் சரியாகச் செய்கிறதா என்பது சுவாரஸ்யமான கேள்வி அல்ல; நாளுக்கு நாள் சரியாகத்தான் செய்யப்போகிறது. குறை கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொள்கிற விமர்சனம் அடுத்த வருஷமே செல்லாக் காசாகிவிடும். சரியாகவே செய்யமுடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் செய்யலாமா?

2

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் உதாரணம் இங்கிலாந்தினுடையது. பி.பி.சி. 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' என்ற தொடரை ஆரம்பித்தது. காலத்துக்குள் பிரயாணம் செய்யும் ஒரு விசித்திர மனிதரைப் பற்றிய குடும்பத் தொடர். அட்டைச் சுவர்களும் தகர ராட்சதர்களும் நிறைந்தது. வீடியோ டேப்பின் விலை அதிகமாக இருந்த காலம். மறு ஒளிபரப்புக்கு நடிகர்களுடனான ஒப்பந்தங்கள் இடம் தரவில்லை. கறுப்பு வெள்ளைக்கு இனி மதிப்பில்லை என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 1960களின் இறுதியிலிருந்து 1978 வரை டேப்புகளை அழித்து அவற்றின் மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த பிலிம் பிரதிகளையும் ஒழித்துக்கட்டினார்கள். முதல் ஆறு வருஷங்களில் ஒளிபரப்பான 253 பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை இல்லாமற்போயின.

அழித்தது ஸ்தாபனம்; காப்பாற்றியது ரசிகர்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரசிகன் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது நம் வட்டத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி முன் மைக்கை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று சொல்லிவிட்டு, டேப் ரிக்கார்டரில் பதிந்துகொண்ட பையன்களின் தயவால் தொலைந்த பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது. ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போது திரையைப் படமெடுத்து நடிகர்களுக்கும் டைரக்டர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். பல பகுதிகளுக்கு இன்று அவர் படங்கள் மட்டுமே கண்ணால் பார்க்கக் கிடைப்பவை. ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் வன்முறை என்று வெட்டி எடுத்த சில நொடித் துண்டுகள் 1996இல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன. முழுப் பகுதியும் அழிந்து, பார்க்கக் கூடாது என்று விலக்கப்பட்டது மட்டும் மிஞ்சியது. சரித்திரம் இந்த அளவு குரூரமாக ஹாஸ்யம் பண்ணுவதை நாவலில் எழுதினால் மிகை என்போம்.

ஒலியையும் நிழற்படங்களையும் சேர்த்து ரசிகர்கள் பல வருஷங்களுக்கு முன்பே ஒருவகை மறுஆக்கம் செய்தார்கள். அசையாத படம், ஓடும் குரல், கீழே 'இப்போது அவர் கதவைத் திறக்கிறார்' என்பது போல ஒரு வரி. பார்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் அதில் தையல் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவு, மீதி தெரியாது என்று அது ஒவ்வொரு கணமும் சொல்லிக்கொண்டிருந்தது. 2006லிருந்து பி.பி.சி.யே சில பகுதிகளைச் சித்திரப்படமாக வரைந்து வெளியிட்டது. அதிலும் ஏமாற்று இல்லை. கோட்டுச் சித்திரத்தை யாரும் நடிகர் என்று நினைத்துக்கொள்ளமாட்டார்கள்.

இப்போது யந்திரம் அந்த நிழற்படத்தை அசைக்கிறது. முகம் திரும்புகிறது, உதடு குரலோடு பொருந்துகிறது, நிழல் சரியான பக்கம் விழுகிறது. ரசிகன் கேட்டது இதைத்தான். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லும்போது அந்த நடிகர் தலையைத் திருப்பினாரா? எதிரில் நின்றவரைப் பார்த்துச் சொன்னாரா, பார்க்காமல் சொன்னாரா? சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் தயங்கினார்? நடிப்பு என்று நாம் சொல்வது இவற்றைத்தான். ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட நாளில், களைப்பிலோ உற்சாகத்திலோ எடுத்த முடிவுகள் அவை. யந்திரம் இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு நொடியும் பதில் சொல்லியாக வேண்டும். தெரியாது என்று ஒரு நொடி நிறுத்திவைக்க அதற்கு வழியில்லை. புள்ளி வைக்கத் தெரியாத பதிப்பாசிரியர் அது.

3

நம்முடைய இழப்பு இதைவிடப் பெரியது. நம்மிடம் ஒலிகூட இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்ட 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பிரதி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அதே வருஷம் மார்ச்சில் பம்பாயில் வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா'வும் இல்லை. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தொடங்கி இங்கு எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. நைட்ரேட் பிலிம் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது, இற்றுப்போகக்கூடியது. அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பமானபோது காப்பதற்கு முன்பே போனது காத்ததைவிட அதிகம். 2003 ஜனவரியில் அதே ஊரில் ஏற்பட்ட ஒரு தீயில், மிஞ்சியிருந்த நைட்ரேட் பிரதிகளிலும் ஒரு பகுதி போயிற்று. தொலைக்காட்சியின் கதையும் வேறில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் ஆரம்பித்தது. அதன் முதல் பத்து வருஷங்களில் வந்த நாடகங்களில் எத்தனையை இன்று ஒருவர் கேட்டுப் பார்க்க முடியும்?

'காளிதா'ஸைத் திரும்ப உண்டாக்க ஒருவர் நாளை யந்திரத்தை அணுகுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதிவைக்கப்பட்ட தகவல்கள் இருக்கின்றன, படங்கள் சில இருக்கின்றன. யந்திரம் எதைத் தரும்? அது கற்றது மிஞ்சியவற்றிலிருந்து. பிற்காலப் புராணப் படங்கள், சரித்திரப் படங்கள், அவற்றின் மேடை, உடை, கர்நாடக இசை மெட்டு, ஒரே சீரான செந்தமிழ் வசனம் ஆகியவற்றின் சராசரியைக் கொண்டு அது ஒரு காளிதாசனைத் தரும். நிஜமான 'காளிதா'ஸிலோ கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார், வேறு பாத்திரம் ஹிந்தியில் பேசிற்று. பழங்காலக் கவியின் கதைக்கு நடுவில் காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. இந்தக் கோணல்தான் 1931. ஒரு புதிய சாதனம் தன் மொழி எது என்று தெரியாமல் தடுமாறியதும், தேசிய இயக்கத்தின் வெப்பம் எந்தக் கதைக்குள்ளும் புகுந்துவிடக்கூடிய நிலையில் இருந்ததும் அந்தக் கோணலில்தான் பதிவாகியிருந்தன. தகவலைச் சொல்லிக் கொடுத்தால் யந்திரம் இதையும் சேர்த்துக்கொள்ளும் என்பீர்கள். சேர்த்துக்கொள்ளும். நமக்குத் தெரிந்த கோணல்களைச் சேர்த்துக்கொள்ளும். நமக்குத் தெரியாத கோணல்கள்தான் தொலைந்துபோனவை.

இன்னும் கூர்மையான உதாரணம் ஒன்று. அதே ராஜலக்ஷ்மி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தம் நாவலிலிருந்து தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் மிஞ்சியவை ஆண்கள் இயக்கியவை. ஒரு பெண்ணின் முகத்தை எவ்வளவு நேரம் காட்டலாம், அவள் பேசும்போது காமிரா எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். அவற்றை மட்டும் படித்த யந்திரம் 'மிஸ் கமலா'வைத் திரும்பத் தந்தால், அவள் எந்தப் பார்வையிலிருந்து விலகி நிற்க முயன்றிருக்கக் கூடுமோ அந்தப் பார்வையிலேயே அவளைத் திரும்பவும் நிறுத்தியதாகும். விலகினாரா என்பது நமக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அவருக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே சுதந்திரம். மிஞ்சியவற்றின் சாயலில் தொலைந்தவற்றை வார்ப்பது என்றால், எவை மிஞ்ச வேண்டும் என்று தீர்மானித்த சக்திகளுக்கு—பணம், தற்செயல், அலட்சியம், அதிகாரம்—இரண்டாம் முறையும் வெற்றி தேடித்தருவது என்று அர்த்தம்.

4

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. நம் மரபிலிருந்தே வருவது. திரும்பச் செய்வதுதானே மரபு? கூத்தில் ஒவ்வொரு இரவும் துரௌபதி புதிதாக அவிழ்த்த கூந்தலோடு நிற்கிறாள். கீர்த்தனத்தை அப்படியே பாடுகிறவன் பாடகன் அல்ல. கம்பன் வால்மீகியை எடுத்துத் தனதாக்கிக்கொண்டான். அதைப் போலி என்று சொல்ல எவனுக்கு நாக்கு வரும்? மூலம், நகல் என்ற பேதமே மேற்கின் அச்சு யந்திரத்தோடு வந்த கவலை, ஏட்டுக்கும் வாய்க்கும் பழகிய நமக்கு அது எதற்கு என்று கேட்கலாம்.

கேட்கலாம், ஆனால் அதே மரபு இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறது: இடைச்செருகல். கம்பனுக்குள் பிறர் பாடிச் சேர்த்த பாட்டுகளுக்கு 'வெள்ளிப் பாடல்கள்' என்று பெயர். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் பாடிச் சேர்த்ததால் அந்தப் பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். சேர்த்தவர் கம்பனை வெறுத்தவரல்லர். கம்பன் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று ஏங்கிய ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ஏக்கத்தின் விலையைப் பல தலைமுறைப் பதிப்பாசிரியர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டையும் தட்டிப் பார்த்து 'மிகைப் பாடல்' என்று தனியே ஒதுக்க வேண்டியதாயிற்று. சந்தேகம் ஒருமுறை நுழைந்துவிட்டால் நல்ல பாட்டையும் விடுவதில்லை. டி.கே.சி. தம் செவியை நம்பிப் பாட்டுகளைக் கழித்தும் திருத்தியும் ஒரு கம்பனைத் தந்தாரென்றால், அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது இந்தச் சந்தேகம்தான். செருகியவர் கம்பனைப் பெருக்க நினைத்தார். கம்பனைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியதைக் குறைத்துவிட்டார்.

கம்பனுக்கும் தம்பிரானுக்கும் திறமையில் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவில்லை. கம்பன் வால்மீகியின் பெயரில் எழுதவில்லை என்பதே நான் கவனிக்கச் சொல்வது. தழுவுகிறவன் தன் கையெழுத்தைப் போடுகிறான். அதனால் பழியையும் ஏற்கிறான். டிக்கன்ஸ் 1870இல் பாதியில் விட்டுப்போன 'எட்வின் ட்ரூட்' நாவலை எத்தனையோ பேர் முடித்திருக்கிறார்கள். அவரவர் பெயரில் முடித்ததால் டிக்கன்ஸுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. யந்திரத்தை நாடும் ரசிகனுக்கோ தன் கையெழுத்து வேண்டாம். தான் செய்தது என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு அது பயனற்றது. தான் இல்லாமலே அது வந்ததாக அவன் நம்ப வேண்டும், தொலைந்தது திரும்பி வந்துவிட்டது என்று. யாரும் கையெழுத்திடாத ஒரு பொருளை உண்டாக்க முடிவது இந்த யந்திரத்தால் வந்த புதுமை. வால்டர் பென்யமின் 1930களில் யந்திரப் பிரதி மூலத்தின் ஒளிவட்டத்தைக் கலைக்கிறது என்று கவலையும் நம்பிக்கையும் கலந்து எழுதினார். மூலமே இல்லாத பிரதி ஒன்று வந்து, அந்த ஒளிவட்டத்தையும் தானே போட்டுக்கொள்ளும் என்பது அவர் கணக்கில் இல்லை.

நான் சோறு தின்பது வங்கியில். அங்கே ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. 50 ரூபாயும் அதற்கு மேலுமான நோட்டு கிழிந்துவந்தால், உள்ளதிலேயே பெரிய துண்டின் பரப்பு முழு நோட்டில் 80 சதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. 40 முதல் 80 வரை பாதித் தொகை. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. கிழிசலை மதிக்கிற விதி இது. இருக்கிற துண்டு எவ்வளவோ அவ்வளவு. கிழிந்த பாகத்தை ஒருவன் தத்ரூபமாக வரைந்து ஒட்டிக்கொண்டு வந்தால், அவன் வரைந்த பாகம் பத்து சதமாக இருந்தாலும், மீதி தொண்ணூறும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். அதேபோல, கணக்கு இடிக்கும் நாளில் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் நிறுத்திவைப்போம். அது அசிங்கமான கணக்கு, ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார். பொருத்தமான ஒரு பற்றை இட்டுக்கட்டி எழுதி அன்றைக்கே கணக்கை நேர்செய்துவிடலாம். அப்படிச் செய்தால் தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே தடயம் போய்விடும்.

5

தடயம் என்று சொன்னேன். காலியிடம் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, தேடச் சொல்கிறது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரி ஒன்றிலிருந்து 'டாக்டர் ஹூ'வின் தொலைந்த ஒன்பது பகுதிகள் கிடைத்தன. எவை எவை இல்லை என்ற பட்டியல் இருந்ததாலும், இல்லாமை சிலரைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்ததாலும் கிடைத்தவை அவை. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பார்க்கத் திருப்தியான ஒரு போலி இருந்திருந்தால், தூசி படிந்த அந்த அறைவரைக்கும் யார் போயிருப்பார்கள்? புறநானூற்று 267ஐ ஐயர் எழுதி வைத்திருந்தால், நாளை ஏதோ ஒரு மடத்தின் பரணிலிருந்து அந்த ஏடு கிடைத்தாலும் நாம் அதைத்தான் பாடபேதம் என்போம்.

இரண்டாவது, யார் தொலைத்தார்கள் என்று அது கேட்கிறது. ஆர்ஸன் வெல்ஸ் 1942இல் எடுத்த 'தி மேக்னிபிசென்ட் ஆம்பர்ஸன்ஸ்' படத்தை, அவர் பிரேஸிலில் இருந்த சமயம், ஸ்டூடியோ வெட்டிற்று. வேறு முடிவு எடுத்து ஒட்டிற்று. வெட்டிய நெகடிவை அழித்தது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தம் பெயரையே எடுத்துவிடச் சொன்னார். 2025 செப்டம்பரில் ஓர் அமெரிக்க நிறுவனம் அந்தத் தொலைந்த 43 நிமிஷங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு உண்டாக்கப்போவதாக அறிவித்தது. வெல்ஸின் மேல் பக்தியோடுதான் அறிவித்தார்கள். ஆனால் சிதைந்த அந்தப் படம் எண்பது வருஷங்களாக ஒரு சாட்சியாக இருந்துவந்திருக்கிறது. பணம் கலைஞனுக்கு என்ன செய்யும் என்பதற்கு அந்த வெட்டுத் தழும்பைவிடப் பெரிய விமர்சனக் கட்டுரை எழுதப்படவில்லை. 43 நிமிஷமும் ஒருநாள் கச்சிதமாக நிரம்பிவிட்டால் ஸ்டூடியோ செய்த காரியம் பழைய வம்பாகிவிடும். பாதிக்கப்பட்டவர் இல்லாத நேரத்தில், மன்னிப்புக் கேட்காதவர்களை, மூன்றாம் மனிதர் மன்னித்து அனுப்பும் ஏற்பாடு இது.

நான் குடியிருக்கும் செம்பாக்கம், தாம்பரம் பக்கத்தில் இதை ஸ்தூலமாகவே பார்க்கலாம். பெயரில் ஏரியும் குளமும் தாங்கலும் உள்ள தெருக்கள் இருக்கின்றன. பல இடங்களில் நீர் இல்லை. மண்ணைக் கொட்டி நிரப்பி, மனை போட்டு, வீடு கட்டியாயிற்று. நேர்த்தியாக நிரப்பப்பட்ட மனையில் நிற்பவனுக்கு அங்கே ஒரு நீர்நிலை இருந்தது தெரியாது. அதை யார் விற்றது, யார் அனுமதித்தது என்ற கேள்வி அவனுக்கு எழாது. பெயர்ப் பலகைதான் காட்டிக்கொடுக்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது தண்ணீருக்கு மட்டும் பழைய வரைபடம் ஞாபகம் இருந்தது.

6

காலியிடத்தை நிரப்புவதோடு இது நிற்காது என்பதற்கும் நமக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஹிந்தியில் 2013இல் வந்த 'ராஞ்ஜனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' 2025 ஆகஸ்ட் 1 அன்று மறுபடி வெளியானது. மூலத்தில் இறந்துபோகும் நாயகன் இதில் யந்திரத்தின் உபயத்தால் பிழைத்து எழுந்தான். இயக்குநரும் நாயகனாக நடித்த தனுஷும் ஆட்சேபித்தார்கள். உரிமை வைத்திருந்த நிறுவனம் வெளியிட்டது. படம் தொலைந்துபோகவில்லை, முழுதாக இருந்தது. அதன் துக்கம் விற்பனைக்கு இடைஞ்சலாக இருந்தது, அவ்வளவுதான். தொலைந்ததை என் ஏக்கத்துக்கு ஏற்ப உண்டாக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், இருப்பதை என் ஏக்கத்துக்கு ஏற்ப மாற்றக் கூடாது என்பதற்குச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே காரணம் சொல்வது கஷ்டம். இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: எனக்கு என்ன வேண்டும்.

அனுமதி பெற்றுவிட்டால் போதும் என்கிறார்கள். 2024இல் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்துபோன ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் யந்திரத்தின் மூலம் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் சம்மதம் பெற்று, சன்மானமும் கொடுத்து. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமலே ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியவர்களுக்கு அவர் மகன் நோட்டீஸ் அனுப்பினார். முன்னது கண்ணியம், பின்னது கண்ணியமின்மை. இந்த வித்தியாசம் முக்கியமானது. ஆனால் வாரிசின் சம்மதம் சொத்து சம்பந்தப்பட்ட கேள்வியைத்தான் தீர்க்கிறது. அந்தப் பாட்டை அவர் பாடினாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினாலும் அது 'ஆமாம்' ஆகாது.

நம் வட்டத்துக்கும் இந்தச் சபலம் வரும். முந்நூறு பிரதி அச்சிட்டு, அதிலும் பாதியை இலவசமாக அனுப்பிய பத்திரிகைகளின் வாரிசுகள் நாம். 'எழுத்து'வின், 'கசடதபற'வின் ஒரு இதழுக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும் காலியிடம் என்றால் என்னவென்று. மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நிறுத்திக்கொண்டார். அந்த நடையில் இன்னும் பத்துக் கதை கேட்டால் யந்திரம் ஒரு மதியத்துக்குள் தந்துவிடும். நம்மில் பலரைவிட நன்றாகவே எழுதியிருக்கும் என்றும் பயப்படுகிறேன். அந்தப் பத்துக் கதையையும் எழுதாமல் இருந்தது மௌனி செய்த காரியங்களில் ஒன்று. அதை அழித்துவிட்டு அவருக்குப் புகழ் சேர்ப்பதாக நினைக்க முடியாது.

அப்படியானால் ரசிகன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. மைக்கை நீட்டிப் பதிந்த பையன் செய்தது அன்பின் காரியம். நைஜீரிய அலமாரியைத் தேடிப்போனவர் செய்தது அன்பின் காரியம். தையல் தெரிய, தன் பெயர் போட்டு, இது என் ஊகம் என்று சொல்லி 'மிஸ் கமலா'வை ஒரு பெண் இன்று புதிதாக எடுத்தால் முதல் டிக்கட் வாங்க நான் தயார். யந்திரத்தையும்கூட, கறை படிந்த பிரதியில் கறை எது படம் எது என்று பிரித்தறியவும், மங்கிய ஒலியில் சொல் எது என்று கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். இருப்பதைத் துலக்கும் வேலைக்கு. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இல்லாத நூல்களைப் பற்றிய நூல் அது. உரைகளிலும் தொகை நூல்களிலும் மேற்கோளாக மிஞ்சிய வரிகளைப் பொறுக்கி, இது இன்னாரால் சொல்லப்பட்டது, இதற்கு மேல் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தமிழ்ப் படங்களுக்கு, வானொலி நாடகங்களுக்கு, தொலைக்காட்சியின் முதல் வருஷங்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இன்னும் வரவில்லை. அதை எழுத யந்திரம் தேவையில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கூசாத ஒருவர் போதும்.